ஏழாவது மனு

“சிகரெட்டுக்கு ஒரு மனு! அதுவும் ஏழாவது மனு!”

தலைமை நர்ஸ் காகிதத்தை மேசைமேல் விசிறிப் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்கு முகம் தொங்கிப் போனது.

மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டு அது. அவனுடைய அக்கா அங்கே சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். வார்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மனு அக்கா’தான்.

“நாங்க என்ன பட்டினியா போடறோம்? சொன்னபடி கேட்டா தினம் ரெண்டு சிகரெட், தோட்டத்துல பத்து நிமிஷம். கேக்கலைன்னா ரெண்டும் கட். உங்கக்கா எதையும் கேக்கறதில்லை. அதான் நாலு மாசமா நிறுத்தி வெச்சிருக்கேன். இப்ப நோயாளிகள் உரிமைக் குழுவுக்கே எழுதிட்டாங்க. நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்களாம். நீங்களாவது புத்தி சொல்லுங்க.”

தம்பி விறுவிறுவென்று வார்டுக்குப் போனான்.

“ஏன்க்கா மானத்தை வாங்கறே? நீ இங்க இருக்கறதையே என் மாமனார் வீட்டுல சொல்ல முடியாம முழிக்கறேன். இதுல சிகரெட்டுக்கு வழக்கு! பொம்பளை செய்யற காரியமா இது? மனுவை வாபஸ் வாங்கிடு.”

“முடியாது.”

“ஒரு சிகரெட் உனக்கு அவ்வளவு பெரிசா?”

“முதல் மனுவுல ‘அனுமதி’ன்னு எழுதியிருந்தேன். அடுத்ததுல அதை அடிச்சுட்டு ‘உரிமை’ன்னு திருத்தினேன். அவ்வளவு பெரிசு.”

“இப்படியே அடம் பிடிச்சா, நோய் முத்திப் போச்சுன்னு டாக்டர் எழுதிடுவார்!”

“எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தா திருத்தித் தர்றேன்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பார்க்க வர ஒருத்தரும் இல்லாதவர்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை, வார்டின் சாப்பாட்டுக் கூடத்திலேயே விசாரணை. குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. நோயாளிகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பியும் வந்து வாசலருகே நின்றான்.

“இதோ பாரும்மா, சிகரெட் உடம்புக்குக் கெடுதல். நர்ஸ் நிறுத்தினது உங்க நல்லதுக்குத்தானே?” என்றார் தலைவர்.

அக்கா எழுந்து நின்றாள்.

“கெடுதல்தான் ஐயா. இல்லைன்னு யார் சொன்னா? கெடுதல்னா எல்லாருக்கும் நிறுத்தட்டும். விடறதுக்கு வைத்தியம் இருக்காம், அதைக் கொடுக்கட்டும். இங்க நடக்கறது அது இல்லை. கக்கூஸ் கழுவினா ஒண்ணு. கேள்வி கேக்காம மாத்திரையை முழுங்கினா இன்னொண்ணு. கெடுதலான பொருள் எப்படி ஐயா பரிசாச்சு?”

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கக்கூஸ் கழுவறது யாரு?”

சுவரோரமாக இருந்த டீச்சர் மெதுவாக எழுந்தார்.

“நான்தாங்க. முப்பது வருஷம் டீச்சர். ஒரு சிகரெட்டுக்கு நாலு கக்கூஸ். இந்தச் சிகரெட் கழுதையை விட்டுத் தொலைக்கலாம்னு பார்க்கறேன், முடியலைங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைமை நர்ஸ் பதறினார். “ஐயா, நாப்பது பேருக்கு ரெண்டே நர்ஸ். இவங்களைக் கட்டி மேய்க்க எங்க கையிலயும் ஏதாவது வேணுமில்லையா?”

“மேய்க்கறதுக்கு நாங்க மாடு இல்லை சிஸ்டர்,” என்றாள் அக்கா.

கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

மத்தியானத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. சிகரெட்டைக் கூலியாகவோ தண்டனையாகவோ பயன்படுத்தக் கூடாது. நோயாளிகளைக் கக்கூஸ் கழுவ விடக் கூடாது. புகைக்கிறவரோ புகைக்காதவரோ, தோட்டத்துப் பத்து நிமிடம் எல்லாருக்கும் உண்டு. விட நினைக்கிறவர்களுக்கு வைத்தியம் தர வேண்டும்.

நாலு மணிக்குப் பின்கதவு திறந்தது. நாற்பது பேரும் வெயிலில் போய் நின்றார்கள். சிலர் சும்மாவே சிரித்தார்கள்.

தலைமை நர்ஸ் உம்மென்று வந்தார். கையில் சிகரெட் பெட்டி.

“ஜெயிச்சிட்டீங்க. இந்தாங்க, உங்க உரிமை. எடுத்துக்குங்க.”

அக்கா கை நீட்டவில்லை.

“வேண்டாம் சிஸ்டர். நான் சிகரெட்டை விட்டு நாலு மாசமாச்சு.”

“நீங்க எங்க விட்டீங்க? நான்தானே நிறுத்தி வெச்சேன்!”

“நீங்க நிறுத்தினதா எழுதி வெச்சிருக்கீங்க. ‘இதைக் கழுவினா சிகரெட்’னு என்கிட்ட துடைப்பத்தை நீட்டினீங்களே, அந்த நிமிஷமே நான் விட்டுட்டேன்.”

தம்பிக்குத் தலை சுற்றியது.

“அப்புறம் எதுக்குக்கா ஏழு மனு? யாருக்காக இத்தனை சண்டை?”

“என்னால விட முடிஞ்சதுடா,” என்றாள் அக்கா. “விட முடியாதவங்க அதுக்காக யார் கால்லயும் விழக் கூடாது இல்லையா?”