தவணை தவறாத முயல்

காட்டுத்தீயில் புல்வெளி முழுக்கக் கருகிப்போன வருஷம், வெள்ளாயி என்ற முயல் தன் குட்டிகளுக்காக அரசாங்கத்தின் அவசரக் கடனுக்கு மனுப் போட்டது. ஒரு கட்டுப் புல் கிடைத்தது. அன்று குட்டிகள் வயிறாரத் தின்றன.

மறுவாரமே தவணை தொடங்கியது. மழைக்குப் பிறகு முளைத்த தளிரில் குட்டிகளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துவிட்டு, மீதியை வெள்ளாயி அப்படியே அலுவலகத்தில் கட்டியது. தன் வயிற்றைக் காயப்போட்டதே தவிர, ஒரு தவணையும் தவறவில்லை.

அதற்காக ஒரு பாராட்டு விழாவே நடந்தது. அதிகாரி கரடி மேடையில் நெகிழ்ந்துபோனார்.

"இந்த அம்மாவைப் பாருங்கள்! கடன் வாங்கியதிலிருந்து எவ்வளவு லேசாகிவிட்டார்! காற்றடித்தால் பறந்தே விடுவார்!" என்று சொல்லி, சாமந்தி மாலையைப் போட்டார்.

வெள்ளாயிக்குப் பேச்சு காதில் ஏறவில்லை. பூவாசம்தான் மூக்கை நிறைத்தது. கைதட்டல் அடங்குவதற்குள் பாதி மாலையைத் தின்றுவிட்டு, மீதியை மேடைக்குக் கீழே நின்ற குட்டிகளிடம் வீசியது.

"ஐயோ, அடுத்த ஆளுக்கும் அந்த மாலையைத்தானே போடணும்!" என்று கரடி பதறினார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, பசி."

கரடி சற்று யோசித்து, குமாஸ்தா நரியின் காதருகே குனிந்தார்.

"தின்ன மாலையை அம்மா பேருல இன்னொரு அவசரக் கடனா எழுதிக்கய்யா."