மேலே நடந்தது

காலையிலிருந்து எல்லோருக்கும் ஐந்து நிமிடப் பயிற்சிதான். புகைமூட்டத்தில் அதற்கு மேல் பறக்க விடமாட்டார்கள். நான்காவதாகக் கனகசபாபதி, எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரின் முன்னிருக்கையில் ஏறினார். பின்னிருக்கையில் பயிற்சியாளர் எப்சிபா. மேலே இழுத்துச் சென்ற கம்பி கழன்றதும் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. அவர் மிரண்டுபோய், விமானத்தை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். கிளைடரின் மூக்கு செங்குத்தாக எழும்பியது. காற்றின் இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. முழுக்க அடங்கினால் கல்லைப் போல் விழ வேண்டியதுதான்.

“விடுங்க சார்!” என்று எப்சிபா கத்தினாள். அதோடு இணைந்த, தன் இருக்கையின் ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பார்த்தாள். அவருடைய பலத்தோடு மல்லுக்கட்ட முடியவில்லை. பிடரியில் குத்தினாள். காதைப் பிடித்துத் திருகினாள். கடைசியில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் மண்டையில் இரண்டு முறை ஓங்கி அடித்தாள். அவர் கை தளர்ந்தது.

தரையிறங்கியபோது, ரத்தம் சொட்ட வெளியே வந்த கணவரையும் எப்சிபாவின் கையில் ரத்தம் படிந்த பாட்டிலையும் கண்டு வேதவல்லி ஓடிவந்தாள். “எம் புருசன அடிக்க நீ யாருடி?” என்று எப்சிபாவின் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். யாரும் தடுக்கவில்லை. அந்தப் புகைமூட்டத்தில் கீழிருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எப்சிபா கேட்டாள்: “என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க சார்.”

கனகசபாபதி அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தார்.

“வண்டிய எடு வேதா, தையல் போடணும்” என்றார்.