நரிக்குத் தெரியாத வழி

காட்டில் வழி தவறியவர்கள் எல்லாரும் நரியிடம்தான் வந்து கேட்பார்கள். ஒரு கோடைப் பகலில் அந்தக் காடு தீப்பற்றியது. மேற்கே ஓடிய நரி நெருப்பைக் கண்டு திரும்பியது. கிழக்கேயும் நெருப்பு. பின்னாலேயே ஓடிவந்த முயல், "அண்ணே, எந்தப் பக்கம் போறது?" என்று கேட்டது.

"ஓடைப் பக்கம் ஒண்ணுதான் பாக்கி," என்றது நரி. அங்கும் புகை எழுவதைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது.

முயல் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவனே, எங்களுக்கு ஒண்ணும் தெரியலை. நீதான் கூட்டிட்டுப் போகணும்," என்று அழுதது.

சட்டென்று காற்று திசை மாறியது. கிழக்கே எரிந்த தீ ஒரு நொடி விலக, அதற்கு அப்பால் ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிய நிலம் தெரிந்தது. முயல் அந்த இடைவெளிக்குள் பாய்ந்தது.

"நெருப்புக்குள்ளேயா? உனக்கென்ன பைத்தியமா?" என்று நரி கத்தியது. ஆனாலும் தனியே நிற்கப் பயந்து, அதுவும் பாய்ந்துவிட்டது.

சுடுசாம்பலில் நின்று இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடைக்கரை மூங்கில்கள் படபடவென்று வெடித்து எரிந்துகொண்டிருந்தன. நரி முயலை ஒட்டி உட்கார்ந்து மெல்லக் கேட்டது:

"நீ கூப்பிட்டியே, அவரை எப்படிக் கூப்பிடணும்? எனக்கும் சொல்லிக் கொடு."