சனிக்கிழமைப் புழுக்கள்

"என் புழுத் தட்டை எடுத்துக் காட்டி அந்த மனுஷன்கிட்டப் பச்சைப் பொய் சொல்லியிருக்கே. அதுவும் நாலு வாரமா! உனக்கு வெட்கமா இல்லை?"

ஜிபின் கத்தியதில் ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

செம்பூர்ப் பக்கம் இருக்கிற அந்த ஆய்வுக்கூடத்தில் இருவரும் பிஎச்.டி. மாணவர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நூற்புழுக்களைச் சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்ப்பது வேலை.

அந்த மனுஷன் என்பது வேல்ராஜ். தாராவியில் தோல் பை தைக்கிற கார்கானாவில் இருக்கிறார். ஒன்பது வயது மகள் மாரிசெல்விக்கு ஒரு மரபணுப் பழுது. அதே பழுது உள்ள புழுக்களைச் சுனிதா வளர்க்கிறாள் என்று யாரோ சொல்ல, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு ஒரு சனிக்கிழமை வந்து நின்றார்.

அன்று சுனிதாதான் விளக்கினாள்.

"உடம்புக்குள்ள தினமும் நூல் அறுந்துக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. உடனே தைச்சுப் போட ஒரு ஆள் வேணும். மாரிக்கு அந்த ஆள் இல்லை."

"இந்தப் புழுவுக்கும் இல்லையா?"

"இல்லை. அதனால கொஞ்ச தலைமுறையிலேயே முட்டை வைக்கிறது நின்னு, வம்சம் முடிஞ்சு போகும். இன்னொரு மரபணுவைப் பேசாம இருக்க வச்சா பொழைக்குதான்னு பார்க்கிறேன். அதுக்கான சரக்கைத் தீனியிலேயே கலந்து கொடுக்கிறேன்."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே கேஸ்தான்" என்றார் வேல்ராஜ்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறவில்லை. வாட்ச்மேன் ஷகீல்கூட, "கீடாவாலா அங்கிள் ஆயா!" என்று, புழுக்கார அங்கிள் வந்தாச்சு என்பதை இந்தியில் குரல் கொடுக்கப் பழகிவிட்டான். வேண்டாம் என்றாலும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வருவார். மூச்சுப் பட்டால் புழுவுக்கு ஆகாது என்பது போல அடக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். "தீனி எடுத்துச்சா மேடம்?" என்று கேட்பார். பஸ் பிடித்துப் போய்விடுவார்.

இது பலித்தாலும் மனுஷருக்கு மருந்தாக வர எத்தனையோ வருஷம் ஆகும் என்று சுனிதா முதலிலேயே சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டினார். பெற்ற மனசு அதைக் கேட்டதா என்பது வேறு விஷயம்.

பதினேழாவது தலைமுறையில் புழுக்கள் முட்டை வைப்பதை நிறுத்தின. ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்த முந்தைய தலைமுறைப் புழுக்களை எடுத்து எழுப்பிப் பார்த்தாள். அவையும் எழவில்லை. "விடு, வேற வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர் சங்கரன்.

அந்தச் சனிக்கிழமையே வேல்ராஜிடம் சொல்லிவிடத்தான் சுனிதா நினைத்தாள். அவரோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கெளம்பையில மாரி கேட்டா மேடம், புழு என்ன செய்யுதுன்னு பாத்துட்டு வரச் சொன்னா" என்றார். அவ்வளவுதான். சுனிதா, ஜிபின் வளர்க்கிற பழுதில்லாத புழுத் தட்டை எடுத்து வைத்துவிட்டாள்.

அந்தப் பொய்தான் நாலு சனிக்கிழமையாக நெளிந்துகொண்டிருந்தது.

"நீ பண்றது இரக்கம் இல்லை, மோசடி" என்றான் ஜிபின். "நாளைக்கு ரிசல்ட் சரியா வரலைன்னா, அங்கேயும் இப்படித்தான் நல்லதா ஒண்ணை எடுத்து வைப்பியா? நாம பண்ற வேலைக்கு உண்மையைத் தவிர வேற என்ன இருக்கு? இன்னிக்கு வருவாருல்ல, நீ சொல்லு. இல்லைன்னா நான் சொல்வேன்."

"நானே சொல்றேன்" என்றாள் சுனிதா.

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஷகீல் குரல் கொடுத்தான். வேல்ராஜ் உள்ளே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும் மேடம். ரொம்ப நாளா தொண்டைக்குள்ளயே நிக்கி. நான் முதல்ல சொல்லிருதேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மாரி போயிட்டா. மூணு வாரம் ஆவுது."

சுனிதா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம்கூடக் கேட்டேனே அண்ணாச்சி... நல்லா இருக்கறதா சொன்னீங்களே?"

"பொய்தான் சொன்னேன். மன்னிச்சிருங்க. புள்ளையே இல்லைன்னு தெரிஞ்சா, இனி உமக்கு இங்க என்ன சோலின்னு கேட்டுருவீங்களோன்னு பயம்."

கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"வீட்டுல அவ துணிமணி, புஸ்தகம் எதையும் பாக்க முடியல. அவ அம்மா எல்லாத்தையும் மூட்டை கட்டி மேல போட்டுட்டா. இந்தப் புழு ஒண்ணுதான்... எம்புள்ளைக்கு இருந்த அதே பழுதோட இன்னும் உசுரா ஓடுதே. அதை ஒரு தடவ பாத்துட்டுப் போனாத்தான் அந்த வாரம் சோறு இறங்குது மேடம்."

கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் பாட்டுக்கு என் கதையையே சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?"

சுனிதா வாயைத் திறந்தாள். ஜிபினைப் பார்த்தாள்.

ஜிபின் எழுந்தான். தன் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தான். குனிந்து ஃபோகஸைச் சரிசெய்தான். நிமிர அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"புழு இந்தத் தடவை நிறைய முட்டை வச்சிருக்கு அண்ணாச்சி. அதைத்தான் சொல்ல வந்தா. வாங்க, வந்து பாருங்க."