ஊதாத் துணிக்குப் பின்னால்

“எங்க, ஊதுங்க” என்றாள் சிசிலி.

சுவக்கீன் வாசற்படியில் நின்று ஊதினான். பஸ் ஸ்டாண்டில் குடித்த சுக்குக்காப்பி வாசம்தான் வந்தது. இருந்தாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. மழை விட்ட பிறகும் ரெயின்கோட்டைக் கழற்றாமல், பலகையை விழுங்கினவன் மாதிரி விறைப்பாக உள்ளே நுழைகிற புருஷனை எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்?

உண்மையில் அவனுக்குக் குடி கிடையாது. வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. அவனுடைய ஒரே கெட்ட பழக்கம் அப்போது ரெயின்கோட்டுக்குள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜாஸ் இசைத்தட்டு.

அறுபது வருஷத்துக்கு முன்னால் வந்த ஆல்பம். மூல டேப்பிலிருந்து புதிதாக எடுத்து, கனமான தட்டில் அச்சடித்த மறுபதிப்பு. கொஞ்சம்தான் போட்டிருக்கிறார்கள், ஈஸ்டர் வரை பொறுத்தால் ஒன்றுகூட மிஞ்சாது என்று பதறிப்போய் வாங்கிவிட்டான். இதே ஆல்பத்தின் பழைய மறுபதிப்பு ஒன்று ஏற்கனவே வீட்டு அலமாரியில் இருந்தது.

இந்தக் கணக்கைச் சிசிலிக்குப் புரியவைக்க அவன் முன்பே ஒரு தடவை முயன்றிருக்கிறான்.

“ஒவ்வொரு பிரஸ்ஸிங்கும் ஒவ்வொரு மாதிரி, சிசிலி. சத்தத்துலயே வித்தியாசம் தெரியும்.”

“அதே அட்டை, அதே ஆளு, அதே ஊதல். யானைக்குச் சளி பிடிச்சாப்ல கெடக்கு. இதுல வித்தியாசம் வேறயாக்கும்!”

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று, ஆளுக்குப் பிடித்த ஒன்றை ஈஸ்டர் வரை விட வேண்டும் என்று சொல்லி அவன் வாயாலேயே சத்தியம் வாங்கினாள். தவக்காலம் முடிகிறவரை ஒரு புதுத் தட்டும் வாங்கக் கூடாது. வாங்கினால் அலமாரியோடு எல்லாத் தட்டுகளும் கோயில் திருவிழா ஏலத்துக்குப் போய்விடும். சிசிலி சொன்னால் செய்கிறவள். போன வருஷம் அவனுடைய கேரம் போர்டு அப்படித்தான் போயிற்று. இப்போது அதில் பங்குச் சாமியார் ஆடிக்கொண்டிருக்கிறார்.

“சரி, நீ எத விடப் போற?” என்று அன்றைக்கே கேட்டான்.

“அத வெளிய சொன்னா பலன் இல்லைங்க” என்று முடித்துவிட்டாள்.

அவள் எதை விட்டாள் என்று அவனும் கவனித்துத்தான் பார்த்தான். டீக்குச் சர்க்கரை குறையவில்லை. சீரியலும் நிற்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் தட்டைப் போட்டால் அடுப்படியிலிருந்து திட்டிக்கொண்டே வேலை பார்க்கிறவள், இப்போது ஊசி இறங்குவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து லயத்து ரோசி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். எந்நேரமும் அவள் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் பிளேயர் மூடியில் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி.

வெறுப்பு முற்றிவிட்டது என்று சுவக்கீனுக்குத் தோன்றியது. அலமாரி போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தனக்கு உயிரான ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வீட்டில் ஒரு ஆள் இல்லையே என்ற வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சிசிலி அடுப்படிக்குப் போனதும் சுற்றிலும் பார்த்தான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் என்பதால் பீடத்தில் சாய்த்து வைத்திருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தை அவள் ஊதாத் துணியால் மூடியிருந்தாள். தட்டைப் படத்துக்குப் பின்னால் செருகினான். அச்சு எடுத்த மாதிரி பொருந்தியது.

அதற்குப் பிறகு சாயங்கால ஜெபம் ஒவ்வொன்றும் அவனுக்குத் தண்டனைதான். தன் பாவத்துக்கு நேர் எதிரே முட்டிபோட்டு, “எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்” என்று சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விடும்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் சிசிலி துணியை எடுக்கப் போனாள். “நான் எடுக்கேன்” என்று சுவக்கீன் பாய்ந்தான். அதற்குள் அவள் இழுத்துவிட்டாள். படம் ஆடியது, தட்டு சரிந்து அவள் கையிலேயே விழுந்தது.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தப்புதான் சிசிலி” என்றான். கண் கலங்கிவிட்டது. “மனசு கேக்கல, வாங்கிட்டேன். நீ சொன்ன மாதிரியே அலமாரியோட எல்லாத்தையும் ஏலத்துல விட்ரு.”

அவள் நகத்தால் கண்ணாடித்தாளைக் கிழித்தாள். உடைக்கத்தான் போகிறாள் என்று சுவக்கீன் கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் ஒன்றும் வராததால் திறந்து பார்த்தான். தட்டின் முகத்தில் விரல் படாமல், ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கிப் பிடித்து, பிளேயரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

“எல்லாம் வேண்டாம். இதோட பழச மட்டும் ஏலத்துல விடுவோம்” என்றாள். “அதுல அடியில வர்ற பாஸ் சத்தம் அமுங்கிக் கெடக்கு.”

சுவக்கீன் அவள் பின்னாலேயே போனான். “அ... அது எப்படி உனக்குத் தெரியும்?”

சிசிலி முந்தானையால் பிளேயர் மூடியின் தூசியைத் துடைத்தாள். ஊசியை மெல்ல இறக்கிவிட்டு, அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பின்ன, தவக்காலத்துக்கு நான் எத விட்டேன்னு நெனச்சீங்க?”