மூக்கில் நிற்காத கண்ணாடி

“மறுபடியும் லூசாயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான் சோடாபுட்டி. வைத்த கையோடு, எதிரே நின்ற தம்பியின் பக்கமாகப் பார்த்து முகமெல்லாம் சிரித்தான்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நேர் பின்னால், கடையின் அந்தக் கோடியில், பில் போடும் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது அம்மாவின் கண்ணாடிக் கடை. உள்ளறையில் அம்மா கண் சோதிப்பாள். கல்லூரி முடிந்து வந்து அக்கா பில் போடுவாள். பள்ளி விட்டு வந்து, பதினேழு வயதுத் தம்பி ஃபிரேம் சரிசெய்வான். சோடாபுட்டி என்பது அக்கா வைத்த பெயர். பையன் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவன், தம்பி வயதுதான்.

தம்பி கண்ணாடியின் கம்பியைச் சூடுகாட்டி வளைத்தான். குனிந்து, அவன் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தான். கையை எடுக்கும்போது மேஜைமேல் இருந்த திருப்புளியைத் தட்டிவிட்டான். எல்லாம் கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

“இப்ப எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. ஆனா ரெண்டு நாள்ல மறுபடி லூசாயிடும்னு தோணுது.”

“அது எப்படி இப்பவே தெரியும்?”

“என் மூக்கைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அவன் படியிறங்கியதும் தம்பி நேரே அக்காவிடம் போனான். “பார்த்தியா? கண்ணாடி ஒண்ணும் லூசாகல, அவன்தான் லூசு. உன்னைப் பார்க்கத்தான் வர்றான்.”

“என்னையா? என்கிட்ட இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லையேடா!”

“பேச வேற செய்யணுமா? கண்ணாடியைக் கழட்டினதும் முப்பத்திரண்டு பல்லும் தெரியுதே, அது போதாதா?”

“சரி விடு. அடுத்த தடவை வந்தா நானே சொல்லிடறேன், வேற கடையைப் பாருப்பான்னு.”

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. “வேணாம்… அப்படியெல்லாம் சொல்லாதேக்கா.”

“என்னடா இது, வந்தாலும் குதிக்கிறே, வரவேணாம்னு சொன்னாலும் குதிக்கிறே! உண்மையைச் சொல்லு, உனக்குக் கோபம் அவன் மேலயா, என் மேலயா?”

அக்கா விளையாட்டாகத்தான் கேட்டாள். தம்பிக்கே அப்போதுதான் உறைத்தது. சோடாபுட்டி மேல் அவனுக்குக் கோபமே இல்லை. அவன் வராத நாட்களில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது, பள்ளியில் பையன்கள் பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றும் தோன்றாமல் சும்மா தலையாட்டி வைத்தது, எல்லாவற்றுக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது.

“உன் மேலதான்” என்றான். “அவன் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறானேன்னு… என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதான்னு. நான் இப்படித்தான் போலிருக்குக்கா.”

அக்கா பேனாவை மூடி வைத்தாள். உள்ளறையில் அம்மா யாரிடமோ, “இப்பத் தெரியுதா? இப்ப?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“போடா” என்றாள் அக்கா கடைசியில். “என்னைப் பார்க்கவும் ஒருத்தன் வர்றானேன்னு கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்தேன். அதுலயும் பங்குக்கு வந்துட்டே!”

தம்பிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“அம்மாகிட்ட உனக்கு எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு. நான் கூட நிக்கிறேன். ஆனா அவன்கிட்ட மட்டும் தள்ளிப் போடாதே, கேட்டுடு.”

“அக்காவுக்காகத்தான் வர்றேன்னு சொல்லிட்டா?”

“சொன்னா, ரெண்டு பேருமாச் சேர்ந்து துரத்திடுவோம்.”

சொன்னபடியே இரண்டு நாளில் சோடாபுட்டி வந்தான். அக்கா எதையோ கூட்டிக் கழிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடி மேஜைக்கு வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

தம்பி கண்ணாடியைத் தொடவில்லை. “இது லூசாகலைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

சோடாபுட்டியின் காதுமடல் சிவந்தது. “கண்டுபிடிச்சிட்டியா?”

“முதல்லயே. நீ இங்க உட்கார்ந்துக்கிட்டு எங்க அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறே. அது எனக்குக் கஷ்டமா இருக்கு.” தம்பி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். “அவளுக்குத் தம்பிங்கிறதால இல்ல. எனக்கு… உன்னைப் பிடிச்சிருக்கு. அதனால.”

சொல்லிவிட்டான். இனி அடித்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி.

சோடாபுட்டி திகைத்துப்போய்க் கண்களை இடுக்கிக்கொண்டு கடைக்கோடியைப் பார்த்தான். பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு முன்னால் சாய்ந்து, தம்பியின் முகத்துக்கு வெகு அருகில் வந்து, அதே சிரிப்பைச் சிரித்தான்.

“கண்ணாடியைக் கழட்டிட்டா, அங்க இருக்கிறது உங்க அக்காவா பீரோவான்னே எனக்குத் தெரியாதே!”