மருத்துவரின் தோள்

மறுநாள் பெருநாள். தொழுகை முடிந்ததும் சமர்கந்து நகரமே கபரஸ்தானுக்கு வந்து, மருத்துவர் துர்சுனோவின் கல்லறை முன் நின்று துவா செய்யும். அதற்குள் கல்லைத் துடைத்து வைக்க மகன் அப்துஜப்பார் மனைவியுடன் வந்தார். கறுப்புக் கல்லில் பொறித்திருந்த அப்பாவின் உருவத்தில், தோள்மேல் ஒரு பெண்ணின் கை இருந்தது.

"யாருய்யா இதைப் பொறிச்சது?"

"எப்பவும் இருக்கறதுதானே, ஐயா? இப்பதான் கண்ணு தெரியுதா?" என்றார் பக்கத்துக் கல்லறையில் வேலையாக இருந்த, கல்லில் உருவம் பொறிக்கும் ஜோரகுல்.

"யார் கைன்னு நான்கூட ஒருதடவை கேட்டேனே," என்றாள் மனைவி சுலைகோ. "வாயை மூடுன்னு அதட்டினீங்க."

அப்படி எதுவும் அவருக்கு நினைவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊர் என்ன பேசும்? எங்கப்பா தோள்ல கண்டவ கையா? தேய்ச்சு எடு."

ஜோரகுல் எந்திரத்தை வைத்துத் தேய்த்தார். கை மறைந்து தோள் வழவழப்பானது. அப்துஜப்பார் நிமிர்ந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்திலிருந்த அம்மாவின் கல்லைத் துடைக்கத் திரும்பினார். மடியில் இரு கைகளையும் கோத்து அம்மா அமர்ந்திருக்கும் படத்தை அதில் பொறிக்க அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்.

மடியில் ஒரு கைதான் இருந்தது. மற்றச் சட்டைக்கையின் விளிம்பிலிருந்து கல்தூள் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது.